அதான் வளந்திரும்ல!

உயிரோடு இருக்கும் சரக்கை விற்கிற தொழிலில் இறங்குகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: சரக்கு சாகலாம், வாங்க வருகிறவர்களின் மூடநம்பிக்கை மட்டும் சாகாது.

ராஜபாளையத்தில் வண்ண மீன் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் பிராணி விற்கிறவள் என்றாலே வெளியூர்க்காரர்கள் நாய் கேட்டுத்தான் படியேறுவார்கள். நாய் இல்லை, மீன்தான் என்றால், “கடிக்கிற மீனா?” என்று கேட்டவர்கூட உண்டு. அதையெல்லாம் நான் மன்னித்துவிட்டேன். மன்னிக்க முடியாதது வேறு ஒன்று.

நான் விலங்கியல் படித்தவள். மீனுக்குத் துடுப்பு, நண்டுக்குக் கால், பல்லிக்கு வால் எல்லாம் போனால் மறுபடி வளரும் என்று பரீட்சைக்காக உருப்போட்டபோது, இது எத்தனை ஆபத்தான தகவல் என்று எந்தப் பேராசிரியரும் எச்சரிக்கவில்லை. ஓர் உயிருக்கு ஏதோ ஒன்று திரும்ப வளரும் என்று தெரிந்துவிட்டால் போதும், நம் ஜனங்களுக்கு உடனே கை அரிக்க ஆரம்பித்துவிடுகிறது. வளருமா என்று பார்க்க வேண்டும். அதற்கு முதலில் வெட்ட வேண்டும். கல்லாவில் உட்கார்ந்து சிரித்த முகமாய்ப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் சக கடைக்காரர்களே, உங்களிடம் சொன்னாலாவது என் வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்குமா என்று பார்க்கிறேன்.

ஒரே தொட்டியில் இரண்டு ஆண்

சேத்தூரிலிருந்து பைக்கில் வருகிற ஒரு தம்பி. ஃபைட்டர் மீன் ஒன்று வாங்கிப் போனார். நல்ல நீலம், தாவணி போல் விரியும் துடுப்பு. கொஞ்ச நாளில் இன்னொன்று கேட்டு வந்தார். “ரெண்டும் ஆண். ஒரே தொட்டியில போட்டா ஒண்ணை ஒண்ணு கிழிச்சிரும். தனித்தனியா வைக்கணும்” என்று சொல்லித்தான் கொடுத்தேன். தலையை ஆட்டிக்கொண்டு போனவர், கேரி பேக்கில் தண்ணீர் ஊற்றி அந்த நீல மீனைத் திரும்பக் கொண்டுவந்தார். காற்றில் பிய்ந்த குடை மாதிரி இருந்தது. கம்பி இருக்கிறது, துணி இல்லை.

எனக்குக் கோபம் வந்தாலும் மீன் மேல் கோபப்பட முடியாதே. சுத்தமான தண்ணீர், கொஞ்சம் கல்லுப்பு, தினமும் அளவாய்த் தீனி என்று சொல்லிக் கொடுத்து அனுப்பினேன். அவரும் ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறார். துடுப்பு மெல்ல மெல்லத் திரும்ப வளர்ந்தது. அதை போனில் படம் எடுத்து வந்து காட்டினார். எனக்கும் சந்தோஷம். அடுத்த படத்தைத் தள்ளினார். அதே மீன், அதே கிழிசல். “சண்டை போடுமான்னு கூட்டாளிமாரு கேட்டாங்கக்கா, சரி பாப்போம்னு மறுபடி விட்டோம்” என்றார்.

அந்தத் துடுப்பை வளர்க்க அது உடம்பில் இருந்த தெம்பையெல்லாம் போட்டிருக்கும், இந்தத் தடவை அடிவேர் வரைக்கும் போயிருக்கிறது, இனி வளருமோ வளராதோ, கிழிந்த இடத்தில் அழுகல் பிடித்தால் மீனே போய்விடும் என்று கடையே அதிரக் கத்தினேன். உனக்கு இனிமேல் தீனி விற்பேன், மீன் விற்க மாட்டேன் என்றும் சொன்னேன். அவர் முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது. மீனுக்காக இல்லை, எனக்காக.

“அதான் வளந்திரும்லக்கா, பொறவு என்னத்துக்கு இம்புட்டுக் கோவப்படுதீய?”

பூதத்துக்கு ஒரு சட்டம்

என் கொழுந்தன் பெங்களூரில் இருக்கிறார். ஒரு தடவை வந்தபோது பெட்டி நிறைய மாயாஜாலச் சீட்டுகள் கொண்டுவந்து, “அண்ணி, இதையும் ஒரு ஓரமா வைங்க, விக்கும்” என்று வைத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு டிராகன், பூதம், அரக்கன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பலம். பிள்ளைகள் வாங்குவார்கள் என்று நினைத்தேன். வந்தவர்கள் மீசை வைத்தவர்கள். சந்தானம், வங்கியில் வேலை பார்ப்பவர். சீனு, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடைக்காரர் மகன், கல்யாணமாகிவிட்டது. மாரி, பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஒரு கூடத்தில் வேலை, வீடு சோழபுரம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொட்டிகளுக்கு நடுவில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தார்கள் என்றால் மீன்களே பயந்து மூலைக்குப் போய்விடும், அத்தனை சத்தம்.

ஒருநாள் சீனுவின் டிராகன் மாரியின் சதுப்பு நில அரக்கனை எரித்துவிட்டது. மாரி சீட்டை எடுக்கவில்லை. “இவனுக்கு ரீஜெனரேட் இருக்கு, சாக மாட்டான்” என்றான். “எரிஞ்சு சாம்பலாப் போனவன் எப்படில வருவான்?” என்று சீனு கத்த, நீதிபதியாக என்னைக் கூப்பிட்டார்கள். நான் விலங்கியல் ஆயிற்றே. கரண்டி வலையைக் கையில் வைத்துக்கொண்டே, பல்லிக்கு வால் வளர வேண்டுமென்றால் முதலில் பல்லி உயிரோடு இருக்க வேண்டும், செத்ததற்கு எதுவும் வளராது, ஆகவே சீனு சொல்வதுதான் சரி என்று தீர்ப்பு சொன்னேன்.

மாரி பொறுமையாக விளக்கினான். அப்படி இல்லையாம். அடி விழுவதற்கு முன்னாலேயே அதற்கான விலையைக் கட்டிவிட வேண்டுமாம். அவன் கட்டியிருந்தானாம். கட்டியிருந்தால் அடி விழும்போது பூதம் சாகாது, ஆனால் சண்டையிலிருந்து விலகி, சீட்டைச் சாய்த்துப் படுக்க வைத்துவிட வேண்டுமாம். அடுத்த முறை வரும்வரை அதை யாரும் எழுப்பக் கூடாதாம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிழைத்து எழுவதற்கு ஒரு விலை உண்டு, எழுந்ததற்கு ஓய்வு உண்டு என்று காகிதப் பூதத்துக்குச் சட்டம் போட்டிருக்கிறார்கள். உயிருள்ள ஃபைட்டர் மீனுக்கு ஏன் ஒருவரும் போடவில்லை என்று கேட்டேன். தோற்ற எரிச்சலில் இருந்த சீனுதான் பதில் சொன்னார்:

“ஒங்க மீனுக்கும் பல்லிக்கும் ரூல் புஸ்தகம் கிடையாதுக்கா. அதான் அடி வாங்குது.”

வெள்ளிக்கிழமைக்குள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். அங்கிருந்து ஓர் அறிவியல் ஆசிரியை பஸ் பிடித்து வந்து நட்சத்திர மீன் கேட்டார். அது கடலில் இருப்பது, என்னிடம் இருப்பதெல்லாம் நல்ல தண்ணீர் மீன் என்றேன். “ஒண்ணு போதும் மேடம். ஒண்ணை அஞ்சா வெட்டுனா அஞ்சும் முழு மீனா வளரும், அதைப் பிள்ளைகளுக்குக் காட்டணும்” என்றார். அவரும் என்னைப் போல் விலங்கியல் படித்தவராம். இதைக் கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது.

பெரும்பாலான வகைகளில் நடுவட்டத்தில் கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டிருந்தால்தான் கை முழு மீனாகும், வெறும் கையை வெட்டிப் போட்டால் அழுகித்தான் போகும், வளர்கிற வகையும் மாதக்கணக்கில் எடுக்கும், நீங்கள் வெட்டினால் ஐந்து மீன் கிடைக்காது, ஐந்து துண்டுப் பிணம்தான் கிடைக்கும் என்றேன். சிரத்தையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, “சார்ட் வரைஞ்சாச்சே மேடம்” என்றார். சார்ட்டில் ஐந்து நட்சத்திரங்களும் சிரித்துக்கொண்டிருக்கின்றனவாம். பையிலிருந்து ஒரு மிக்சர் டப்பாவை எடுத்தார். மூடியில் ஊசியால் ஓட்டை போட்டிருந்தது. உள்ளே ஒரு வீட்டுப் பல்லி. நட்சத்திர மீன் கிடைக்காவிட்டால் இதன் வாலை எடுக்கிற யோசனையாம்.

பல்லியின் வாலை வெட்டலாம், வளரும். ஆனால் உள்ளே பழைய எலும்பு வராது, குருத்தெலும்புதான் வரும். அது கஷ்ட காலத்துக்கென்று வாலில் கொழுப்பைச் சேர்த்து வைத்திருக்கும், அத்தனையும் போய்விடும். இதைச் சொல்லிக்கொண்டே “பாப்போமே” என்று டப்பாவை வாங்கித் திறந்துவிட்டேன். பல்லி என் கையேறி, ஃபில்டர் அடுக்கியிருந்த அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது. போகட்டும், கொசுவாவது குறையும். ஆசிரியை காலி டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மணியைப் பார்த்தார்.

“கண்காட்சி வெள்ளிக்கிழமை மேடம். அதுக்குள்ள வளர்ற மாதிரி வேற ஏதாவது இருக்கா?”

கூடுகிற கணக்கு

ஆலங்குளத்திலிருந்து வருகிற ஒரு பெரியவர். ஓய்வு பெற்றபின் சின்ன எறால் தொட்டி வைத்து, செடியெல்லாம் நட்டு, பேரப்பிள்ளையைப் போல் பார்த்துக்கொண்டார். தீனியும் பேரப்பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரிதான், திணறத் திணற. மிச்சத் தீனி அடியில் தங்கும், அதைத் தின்ன செடியோடு வந்த தட்டைப்புழு பெருகும் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். ஒரு நாள் பாட்டில் நிறைய தண்ணீரோடு வந்து கல்லாவில் வைத்தார். உள்ளே வெள்ளை நூல் நூலாய் ஊர்ந்துகொண்டிருந்தன. “மொதல்ல கொஞ்சந்தான் இருந்துச்சு. சேவிங் பிளேடு எடுத்துக் கண்ணாடியில ஒட்டியிருந்ததை ஒண்ணொண்ணா வெட்டுனேன். ஒண்ணு விடாம வெட்டுனேன்” என்றார். அந்த ‘ஒண்ணு விடாம’ என்பதைச் சொல்லும்போது அவருக்குப் பெருமை.

என்னிடம் தொட்டி கழுவுகிற பேச்சியக்கா சிரிப்பை அடக்க முடியாமல் பின்கட்டுக்குப் போய்விட்டார். நான் விளக்கினேன். இந்தப் புழுவை வெட்டினால் தலைப்பக்கம் ஒரு வாலை முளைக்க வைத்துக்கொள்ளும், வால்பக்கம் ஒரு தலையை முளைக்க வைத்துக்கொள்ளும், நீங்கள் இத்தனை நாளும் கொலை செய்யவில்லை, பிரசவம் பார்த்திருக்கிறீர்கள். அவர் சிரிக்கவில்லை. இப்படிப்பட்ட புழுவை நான் தெரிந்தே செடியில் ஒட்டி விற்றதாகச் சொன்னார். பாட்டிலை நானே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். நாலு பேர் முன்னால் என்னை மோசடிக்காரி என்கிற அர்த்தத்தில் பேசினார். தீனியைக் குறையுங்கள் என்று தொண்டை கிழியச் சொன்னது யார்? அது கணக்கில் வரவில்லை. அவர் வைத்திருந்த கணக்கு வேறு:

“ஒண்ணை வெட்டுனா ஒண்ணு கொறையணும்மா. கூடுனா அது என்ன வியாபாரம்?”

தீனி மிச்சம்

ரோட்டோரம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒருவர். வாசலில் பெரிய கண்ணாடித் தொட்டி வைத்து உயிர் நண்டு விட்டால் கூட்டம் வரும் என்று தொட்டி கேட்டு வந்தார். அளவெல்லாம் எழுதிக்கொண்டேன். போகிற போக்கில் சந்தேகம் கேட்டார். நண்டுக்குக் கால் ஒடிந்தால் வளருமாமே? வளரும் என்று நானே வாயைக் கொடுத்தேன். அவர் கண் பிரகாசமானது. அப்படியென்றால் நண்டைக் கொல்லாமல் கொடுக்குக் காலை மட்டும் ஒடித்து சூப்பு வைத்துவிட்டு, நண்டைத் தொட்டியிலேயே விட்டு, வளர்ந்ததும் மறுபடி ஒடிக்கலாம் இல்லையா? வருஷம் முழுக்க ஒரே நண்டு.

நான் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டேன். நண்டு தோடு உரிக்கும்போதுதான் புதுக்கால் வரும், அது முதலில் பொம்மைக் கால் மாதிரி சின்னதாக இருக்கும், பழைய அளவுக்கு வர இன்னும் எத்தனையோ தடவை தோடு உரிக்க வேண்டும், அதுவரை இரையைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகக் கை இருக்காது, பாதிப் பட்டினி கிடக்கும் என்றேன். கொன்று தின்பவர்களைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன், நானும் தின்கிறவள்தான். இது அதைவிடக் கேவலம் என்று பச்சையாகவே சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. எனக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கிற தோரணையில் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

“அது சாப்பிடலைன்னா தீனிச் செலவும் மிச்சந்தானம்மா.”

தொட்டியை வேறு யாரிடமோ வாங்கிக்கொண்டார் என்று கேள்வி.

லேபிளில் ஏழு தலை

ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடுகிற கூட்டத்தில் எண்ணெய் விற்றுவிட்டு, மிச்சச் சரக்கோடு ஓர் ஆள் என் கடைக்கு வந்தார். மீன் கடையில் எண்ணெய்க்கு என்ன வேலை என்றேன். “இது வளர்ச்சித் தைலம் மேடம். வெட்ட வெட்ட வளர்ற ஜீவனோட சத்து. முடி, பல்லு, வெட்டுப்பட்ட நரம்பு, எதுக்கு வேணா தடவலாம்” என்றார். பாட்டிலின் மேல் பச்சை ஒளி வீசும் ஏழு தலைப் பாம்பு ஒன்றின் படம்.

மீன் தீனி வாங்க வந்திருந்த சந்தானம் பாட்டிலை வாங்கிப் பார்த்தார். பேங்கில் கையெழுத்து சரிபார்க்கிற கண் அது. பையைத் திறந்து தன் சீட்டுக் கட்டை எடுத்து, ஒன்றை உருவி, பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். அதே பாம்பு. அதே பச்சை. தலை வெட்டினால் திரும்ப வளரும் என்று கீழே எழுதியிருக்கிற அதே சீட்டு. படத்தை அப்படியே சுட்டு லேபிள் அடித்திருக்கிறார்கள். எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது. வெட்டுப்பட்ட நரம்புக்கு இதைத் தடவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் ஒருவன் உட்கார்ந்துவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டேன். போலீசைக் கூப்பிடவா என்றேன். ஆள் நிதானமாகப் பாட்டில்களைப் பையில் அடுக்கினார். நீயாவது ஒரு தடவை தடவிப் பார்த்தாயா என்று கேட்டதற்குத்தான் கொஞ்சம் மனம் புண்பட்டவர் போல் நிமிர்ந்தார்.

“நான் எதுக்கு மேடம் தடவப் போறேன்? எனக்குத்தான் ஒண்ணும் அந்து போகலையே.”

வியூஸ்

போனில் வீடியோ போடுகிற ஒரு பையன், வயது இருபத்தைந்து இருக்கும், ஆக்ஸலாட்டல் கேட்டான். சிரித்த மூஞ்சியும் கழுத்தில் பூஞ்சிறகும் வைத்த ஒரு நீர்ப்பிராணி. கால் போனால் எலும்போடு, விரலோடு அப்படியே முளைக்கும். அதற்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். சித்திரையில் எங்கள் ஊர்த் தொட்டித் தண்ணீரில் அரிசி போட்டால் சோறாகிவிடும். நான் விற்பதில்லை என்றேன். எங்கேயாவது வரவழைத்துக் கொடுத்தால் காலை வெட்டி, தினம் ஒரு படமாய் வளர்வதைப் போடப் போகிறானாம். “தலையை மொட்டை அடிச்சுக்கிட்டு தினம் ஒரு படம் போடேன், அதுவுந்தான் வளரும்” என்றேன். “முடிக்கெல்லாம் வியூஸ் வராதுக்கா” என்றான். வெளியே போ என்றேன். போனான். போய், நெட்டில் என் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதியும் வைத்தான், இன்றைக்கும் இருக்கிறது:

“மீன் நல்லா இருக்கு. ஓனர் அம்மாவோட கோபத்தைத்தான் எத்தனை தடவை கட் பண்ணாலும் திரும்ப வளருது.”

மூடி

இதுவரைக்கும் நீங்கள் சிரித்திருக்கலாம். நானும் கோபம் ஆறியபின் சிரித்திருக்கிறேன். இதற்குச் சிரிக்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரி வரவில்லை. துணி சுருட்டுகிற மெஷினில் இடது கை மாட்டி, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன என்று சந்தானம் சொன்னார். ஊருக்கெல்லாம் காயத்துக்குக் கட்டுகிற துணி தயாராகிற இடம் அது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் நானும் பேச்சியக்காவும் சோழபுரம் போனோம். மாரி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்திருந்தான். அவன் மனைவி எங்களுக்குக் காப்பி போட உள்ளே போனார். எதிரே நாற்காலியில், அந்தக் கூடத்தின் சூப்பர்வைசர், ஆரஞ்சுப் பழப் பையோடு.

“சின்ன வயசு. ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. புண்ணு சட்டுனு ஆறிரும், சதை வளந்திரும். ஆறுனதும் வந்திரு, அதே மெஷின்தான், ஒனக்குப் பழகுன மெஷின்” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. உருளைக்கு மேல் மூடி இருந்ததா இல்லையா என்று கேட்டேன். இருந்ததாம். கழற்றி வைத்திருந்தார்களாம். யார் கழற்றியது, ஏன் கழற்றினீர்கள் என்று என் குரல் தெருவுக்கே கேட்கிற மாதிரி ஏறியது. பேச்சியக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை. சூப்பர்வைசர் கோபப்படவே இல்லை. விவரம் தெரியாத பொம்பளைக்கு விவரம் சொல்கிற மாதிரி சொன்னார்:

“மூடி போட்டா துணி மெதுவாத்தான் ஓடும்மா.”

எது சரியாகும்

கட்டுப் பிரித்தபின் மாரி ஒரு வேலை நாளில் தனியாகக் கடைக்கு வந்தான். மீன் பார்க்கிறவன் மாதிரி ஒவ்வொரு தொட்டியாக நின்றான். சண்டையில் ஒரு கொடுக்கை இழந்த எறால் ஒன்று தனித் தொட்டியில் இருந்தது. தோடு உரித்து, வெளிறிய சின்னக் கொடுக்கு வந்திருந்தது. அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றான். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டான். “ஆசுபத்திரியில ஒருத்தர் போன்ல காட்டுனாருக்கா. விரல் திரும்ப வளந்திருக்கு ஒரு ஆளுக்கு. நெசமா? நீங்க படிச்சவுக.”

இந்தக் கடையில் உட்கார்ந்து எத்தனை பேரை ‘வளரும்’ என்று சொன்னதற்காகத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையை நானே சொல்லிவிட மாட்டேனா என்று நாக்கு துடித்தது. சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு நகத்து நுனியோடு போயிருந்தால் சில சமயம் வளர்வதுண்டு, அடியோடு போன விரல் மனுஷனுக்கு வளராது, அந்த வீடியோவை நம்பி எங்கேயும் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டாதே, தழும்பு இறுகாமல் இருக்க டாக்டர் சொன்ன பயிற்சியை மட்டும் விடாதே என்றேன். சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. யார் மேல் கோபம் என்று தெரியாத கோபம். மாரி அந்த எறாலையே பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினான். அழவில்லை. அவன் தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியது, சுமையைக் கீழே வைத்தவன் தோள் மாதிரி.

“இது போதும்க்கா. எல்லாரும் சரியாயிரும் சரியாயிரும்னே சொல்லுதாக, எது சரியாகும்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காக.”

கண்ணாடிப் பட்டை

மாரி அந்த மெஷினுக்குத் திரும்பிப் போகவில்லை. மூடி போட்டால்தான் கை வைப்பேன் என்று கூடத்து வாசலிலேயே நின்று சொல்லிவிட்டு வந்தான். அவன் இடத்தில் நிற்க இன்னொருத்தரைக் கூப்பிட்டார்கள், அவரும் மூடி கேட்டார். மூன்றாவது ஆளும் கேட்டார். மெஷின் சும்மா நின்றது. மெதுவாக ஓடுவதைவிட நிற்பது நஷ்டம் என்று முதலாளிக்குப் புரிந்தபோதுதான் மூடி வந்தது. விரல் போனபோது வராத மூடி. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் சோறு இறங்காது. மாரிக்கு இப்போது துணியை எடை போட்டுக் கட்டு கட்டுகிற இடத்தில் வேலை.

ஆனால் சீட்டு ஆட வரவில்லை. விசிறி மாதிரி சீட்டுகளை விரித்துப் பிடிக்க இடது கையில் விரல் காணாது என்று சந்தானத்திடம் சொல்லியிருக்கிறான். பேச்சியக்கா, தொட்டி அறுத்த மிச்சத்தில் கிடந்த இரண்டு கண்ணாடிப் பட்டைகளை எடுத்து, விளிம்பைச் சாணையில் தேய்த்தார். நடுவில் சீட்டு நுழைகிற அளவு இடைவெளி விட்டு நான் சிலிக்கான் வைத்து ஒட்டினேன். தொட்டி ஒட்டி ஒட்டிப் பழகிய கை, கோணல் வரவில்லை. சீட்டுகளை அதில் வரிசையாகச் செருகினால் ஆடுகிறவருக்கு மட்டும் தெரியும். அழகுக்காகப் பின்பக்கம் தொட்டிக்கு ஒட்டுகிற நீலக் காகிதத்தையும் ஒட்டினோம். சந்தானம் போய் மாரியைக் கையோடு பைக்கில் கூட்டிவந்தார்.

ஆட்டம் ஆரம்பித்தது. தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சீனுவிடம் நல்ல சீட்டு இருந்தது என்று அவர் முகமே சொன்னது. மாரியின் பக்கம் ஒரே ஒரு பூதம்தான் நின்றது, அதையும் காப்பாற்ற விலை கட்டவில்லை. அடித்திருந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது. சீனு டிராகனை இறக்கினார், யோசிப்பது போல் மோவாயைத் தடவினார், பிறகு “சரி, நான் அடிக்கலை, பாஸ்” என்றார். இரண்டாவது முறையும் பாஸ். மேசையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மாரி தன் சீட்டுகளை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தான். ஆஸ்பத்திரியில், வீட்டில், கூடத்து வாசலில் எங்கேயும் வராத கோபம் அவன் முகத்தில் அப்போதுதான் வந்தது. அதைப் பார்த்து எனக்கு எத்தனை நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை.

“ஏலே சீனு, விரல்தாம்ல போச்சு, ஆட்டம் போகலை. அடிக்கணும்னா ஒழுங்கா அடி, இல்லைன்னா எந்திரிச்சு ஒன் பால்கோவாவைக் கிண்டப் போ!”

எது வளரும், எது வளராது என்று ஜனங்களுக்குச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை தேய்ந்துவிட்டது, அதுவும் வளராத ரகம்தான் போலிருக்கிறது.